மின்சார வாகனத்துக்கு மாறச் சொல்கிறார்கள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருப்பவர் முடிவெடுப்பது எப்படி

எரிபொருள் விலை மாறும் மாதக் கடைசியில் கல்முனை பஸ் நிலையத்தடியிலோ செங்கலடிச் சந்தியிலோ நின்றால் இந்தப் பேச்சைக் கேட்காமல் வர முடியாது. ஒருவர் “இனி எல்லாம் கரண்ட் வாகனம்தான், காலத்தோட மாறுங்க” என்பார். மற்றவர் “பெற்றோலுக்கு வரிக்கு மேல வரி போட்டு எங்களை அந்தப் பக்கம் தள்ளுறாங்க, கொழும்பில இருக்கிறவனுக்குச் சரி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில இருக்கிறவன் என்ன செய்வான்” என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே தங்கள் கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. இந்தக் குறிப்பில் இரண்டு காரியம் சொல்கிறேன். உங்களுக்கு அந்த வாகனம் சரிவருமா என்று நீங்களே கணக்குப் பார்ப்பது ஒன்று. அரசு நெருக்குவது பிடிக்கவில்லை என்றாலும் சரி, இன்னும் வேகமாகச் செய்யவேண்டும் என்று நினைத்தாலும் சரி, அதை எங்கே, எப்படிச் சொன்னால் பதிவாகும் என்பது மற்றது.

நெருக்குதல் எந்த வழியால் வருகிறது என்று முதலில் பாருங்கள்

பெற்றோல் வாகனம் ஓடக்கூடாது என்று இலங்கையில் சட்டம் இல்லை. நெருக்குதல் வரியாலும் இறக்குமதி விதியாலும்தான் வருகிறது. 2017 நவம்பரில் அன்றைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர வாசித்த வரவு செலவுத் திட்டத்தில், 2040ஆம் ஆண்டுக்குள் நாட்டில் ஓடும் எல்லா வாகனமும் மின்சாரமாகவோ ஹைபிரிட்டாகவோ இருக்கவேண்டும் என்றும், அரச வாகனங்கள் 2025க்குள்ளேயே மாறவேண்டும் என்றும் சொல்லப்பட்டது. 2025 வந்து போய்விட்டது. பிரதேச செயலகங்களுக்கு முன்னால் இன்றும் டீசல் கெப்தான் நிற்கிறது. சாதாரண சனங்களைப் பார்த்து மாறு என்று சொல்வதற்கு முன்னால் அரசு தன் வாகனத்தை மாற்றியிருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து, இந்த விவாதத்தில் நான் முதலில் வைப்பதும் இதைத்தான்.

சலுகைகள் நிலையாக நின்றதும் இல்லை. 2014, 2015 காலத்தில் வரி குறைவாக இருந்தபோது பாவித்த நிசான் லீஃப் கார்கள் நிறைய வந்தன, அப்புறம் வரியைக் கூட்டினார்கள், வரவு குறைந்துபோனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். 2022இல், வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணத்தைக் கணக்கில் எடுத்து மின்சார வாகனம் இறக்க அனுமதி கொடுத்தார்கள், வளைகுடாவில் பிள்ளைகள் உழைக்கும் நம் பகுதியில் அந்தச் செய்தி வேகமாகப் பரவியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது, மின்சாரக் காருக்கு மோட்டாரின் சக்தியை, அதாவது கிலோவாட் அளவை வைத்து வரி. அந்த வருடமே, வந்த கார்களின் மோட்டார் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று சுங்கத்தில் பிரச்சினைப்பட்டு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் புதிய மின்சாரக் காருக்குக் கொடுத்த 7,500 டொலர் வரிச் சலுகை 2025 செப்டெம்பர் 30உடன் முடிந்துபோனது.

ஆகவே, சலுகை இருக்கிறது, இப்போதே வாங்கு என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்தச் சலுகை நாளைக்கு இல்லாமல் போனாலும் இந்த வாகனம் எனக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்டுப் பாருங்கள். கட்டுப்படியாகாது என்றால் வாங்கவேண்டாம்.

ஓட்டத்தை எழுதிவைக்க வேண்டும்

வாகனக் கடைக்குப் போகமுதல் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் தினமும் எத்தனை கிலோமீற்றர் ஓடினீர்கள், எத்தனை பேர் ஏறினீர்கள், எந்த ரோட் என்று எழுதுங்கள். மனக்கணக்கு எப்போதும் தவறும். கல்லடியில் இருந்து ரவுனுக்கு வேலைக்குப் போய் வருகிற ஆசிரியையின் ஓட்டம் சின்னது, அதோடு தினமும் ஒரே அளவு. கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு ஒரு பக்கம் மட்டும் 40 கிலோமீற்றர் அளவில், போய்வர 80. மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் என்றால் ஒரு பக்கமே 100ஐத் தாண்டும். வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வயல் வட்டைக்குப் போய்வருகிறவர் கிரவல் ரோட்டில் உர மூட்டையோடு ஓடுகிறார், அவருடைய 20 கிலோமீற்றரும் கல்லடி ஆசிரியையின் 20 கிலோமீற்றரும் பற்றரிக்கு ஒன்றாகாது.

நாளாந்தம் எழுதுவதோடு, மாதத்தில் ஒருமுறை இருமுறை போகும் தூரப் பயணத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தினசரி ஓட்டம் 30க்குள் இருந்து, தூரப் பயணத்துக்கு பஸ்ஸோ வேறு வாகனமோ இருக்கிறது என்றால் உங்களுக்கு மின்சார ஸ்கூட்டர் நன்றாகப் பொருந்தும்.

பற்றரிக் கணக்கு

கடையில் “ஒருமுறை சார்ஜ் பண்ணினா 80 கிலோமீற்றர் போகும்” என்பார்கள். அதை அப்படியே நம்பவேண்டாம். பற்றரியில் எழுதியிருக்கும் வோல்ட்டை அம்பியர் அவரால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) கொள்ளும் என்று வரும். 60 வோல்ட், 20 அம்பியர் அவர் என்றால் 1.2 யூனிட். சாதாரண ஸ்கூட்டர் ஒன்று ஒரு கிலோமீற்றருக்கு ஒரு யூனிட்டில் நூறில் மூன்று பங்கு அளவில் எடுக்கும், அப்படியென்றால் 1.2 யூனிட்டுக்கு 40 கிலோமீற்றர்தான். பின்னால் ஒருவர் ஏறி, களுவாஞ்சிகுடி ரோட்டில் எதிர்க்காற்றும் அடித்தால் 30க்கு மேல் நம்பவேண்டாம். கடைக்காரர் சொல்லும் 80 எங்கே இருந்து வருகிறது என்று அவரையே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது பற்றரியின் வகை. விலை குறைந்த ஸ்கூட்டர்களில் ஈய அமிலப் பற்றரி இருக்கும், அது 300 முதல் 500 தடவை சார்ஜ் ஆனதும் களைத்துவிடும். லித்தியம் அயர்ன் பொஸ்பேட் என்றால் 1,500 தடவைக்கு மேல் போகும். இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று காட்ட ஒரு கணக்கு. விலைகள் கணக்குக்காக வைத்துக்கொள்பவை, உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஈயப் பற்றரித் தொகுதி ஒன்று 80,000 ரூபா, 400 தடவை, தடவைக்கு 40 கிலோமீற்றர் என்றால் மொத்தம் 16,000 கிலோமீற்றர் ஓடும், ஒரு கிலோமீற்றருக்குப் பற்றரிக்கு மட்டும் 5 ரூபா. கரண்ட் யூனிட் 40 ரூபா என்று வைத்தால், சார்ஜ் பண்ணும்போது வீணாவதையும் சேர்த்து, கிலோமீற்றருக்கு 1 ரூபா 40 சதம். மொத்தம் 6 ரூபா 40 சதம். பெற்றோல் லீற்றர் 300 ரூபாவுக்கு, 45 கிலோமீற்றர் போகும் பைக்கில், கிலோமீற்றருக்கு 6 ரூபா 70 சதம் அளவில். மிச்சம் வெறும் 30 சதம்! அதே கணக்கை 2 இலட்சம் ரூபா லித்தியம் பற்றரிக்கு, 1,500 தடவை, தடவைக்கு 45 கிலோமீற்றர் என்று போட்டால் பற்றரிச் செலவு 3 ரூபா அளவில் வந்து நிற்கும், மொத்தம் நாலரை ரூபாவுக்குள்.

கரண்ட் மலிவு என்று பேசுபவர்கள் பெரும்பாலும் பற்றரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, பற்றரி விலை என்று பயமுறுத்துபவர்கள் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை அந்தச் செலவு வரும் என்று சொல்வதில்லை. மேலே போட்ட கணக்கைச் செய்து கையில் வைத்திருந்தால் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லலாம்.

ஆட்டோ ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு 80, 100 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு மிச்சம் கூட வரும், அது உண்மை. ஆனால் லீசிங் முடிவதற்கு முன்னால் பற்றரி முடிந்துவிடக் கூடாது. உத்தரவாதம் எத்தனை வருடம், எத்தனை கிலோமீற்றர், கொள்ளளவு எத்தனை வீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள், அந்த வருடம் லீசிங் வருடத்தை விடக் குறைவாக இருந்தால் கையெழுத்துப் போடவேண்டாம். பழைய பெற்றோல் ஆட்டோவை மின்சாரத்துக்கு மாற்ற நினைப்பவர்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அனுமதி கிடைக்கும் என்று உறுதியாகாமல் எஞ்சினைக் கழற்றக்கூடாது.

கரண்ட் பில்லில் 60 என்ற எல்லை

வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 60 யூனிட் எல்லையை. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலைப்பட்டியல், தாண்டினால் வேறொரு பட்டியல். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் 60 யூனிட்டின் விலையும் மாறிவிடும், நிலையான கட்டணமும் கூடும். மாதம் 50 யூனிட் எரிக்கும் ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் ஸ்கூட்டர் வாங்கி நாளைக்கு 20 கிலோமீற்றர் ஓடினால் மாதம் 20 யூனிட் அளவில் கூடும், 50 என்பது 70 ஆகும். எல்லை தாண்டியாயிற்று. மின்சார வாகனத்தால் ஏழை வீட்டுக்குத்தான் கூடப் பாரம் என்று யாராவது சொன்னால் அது வெறும் கோபப் பேச்சு இல்லை, இந்தக் கணக்கு அதற்குள் இருக்கிறது. அரசு உண்மையிலேயே மாறச் சொல்கிறது என்றால் இந்த இடத்தில் ஏதாவது செய்யவேண்டும்.

கார் என்றால் இன்னும் வேறு. சின்ன மின்சாரக் கார் 100 கிலோமீற்றருக்கு 15 யூனிட் அளவில் எடுக்கும், மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடினால் வீணாவதோடு சேர்த்து 170 யூனிட் வரை கூடும். பெரும்பாலான வீடுகள் அதோடு 180 யூனிட்டைத் தாண்டி மிக உயர்ந்த படிக்குப் போய்விடும். ஆகவே காருக்குக் கணக்குப் பார்க்கும்போது பில்லின் சராசரி விலையைப் போடவேண்டாம், கடைசிப் படியின் விலையைப் போடுங்கள்.

நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்று வீட்டுப் பாவனையாளருக்கும் ஒன்று இருக்கிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை கூடிய விலை, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலை. உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் மாலை 6.30 முதல் 10.30 வரை சார்ஜ் போடாமல் விடுங்கள், அந்த நேரத்தில்தான் நாட்டில் கரண்டுக்காக டீசல் கூடுதலாக எரிகிறது. கூரையில் சோலார் இருப்பவர்கள் பகலில் போடுவதே நல்லது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகலில் கரண்ட் மிஞ்சிப்போய், கூரைச் சோலாரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பகலில் மிஞ்சும் அந்தக் கரண்டை வாகனத்தில் ஏற்றலாம் என்பது மின்சார வாகனத்துக்கு ஆதரவாக நான் கேட்ட வாதங்களில் மிகவும் பலமானது.

வீட்டு வயரிங்

இதில் செலவைப் பார்க்கக்கூடாது. ஸ்கூட்டர் சார்ஜர் சின்னது, நல்ல ப்ளக் ஒன்று போதும். ஆனால் பற்றரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் படுக்கையறையிலோ, இரவில் எல்லாரும் வெளியே போகும் வாசலிலோ சார்ஜ் போடக்கூடாது. காருக்கு எக்ஸ்டென்சன் வயர் வேண்டவே வேண்டாம். சதுர முள் 13 அம்பியர் ப்ளக்கில் பத்து மணித்தியாலம் தொடர்ந்து இழுப்பதென்றால் 10 அம்பியருக்கு மேல் வைக்கவேண்டாம், அதற்குத் தனி வயர், தனி பிரேக்கர், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் இருக்கவேண்டும். 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் 32 அம்பியர் இழுக்கும், உங்கள் வீட்டு இணைப்போ பெரும்பாலும் 30 அம்பியர். அதை விற்கும்போது பலர் சொல்வதில்லை. இணைப்பைப் பெரிதாக்கும் செலவையும் காரின் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

காத்தான்குடி, மருதமுனை மாதிரி மணல் நிலத்தில் எர்த் கம்பியை ஆனி, ஆடி வெயில் காலத்தில் சோதியுங்கள், காய்ந்த மணலில் எர்த் பிடிப்பது குறைவு, மாரியில் சோதித்தால் எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரிக் காட்டும். லைனின் கடைசியில் இருக்கும் ஊர்க்காரர் மாலையில் ஒரு மீற்றர் வைத்து வோல்ட்டைப் பார்க்கவேண்டும். 230க்கு மிகக் கீழே விழுகிறதென்றால் அதை எழுதி மின்சார அலுவலகத்துக்குக் கொடுத்து, திருத்தியபிறகு வாங்குங்கள்.

வெள்ளம், உப்பு, வெயில்

நம் பகுதியில் இது ஒரு பக்கக் குறிப்பு இல்லை. 2024 நவம்பர் வெள்ளத்தை மறந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். நல்ல வாகனத்தின் பற்றரிப் பெட்டி கொஞ்ச நேரம் தண்ணீரைத் தாங்கும், ஆனால் உப்புத் தண்ணீர் வேறு. அமெரிக்காவின் புளோரிடாவில் 2022 இயன் புயலில் கடல் நீரில் நனைந்த மின்சாரக் கார்கள் சில நாள் கழித்துத் தாமாகத் தீப்பிடித்தன. நம் வாவித் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. வாகனம் மூழ்கிப்போனால் சார்ஜரைக் குத்தவே கூடாது, ஓட்டிப் பார்க்கவும் கூடாது, வீட்டில் இருந்து 15 மீற்றராவது தள்ளி வெளியில் நிறுத்திவிட்டு தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் வெள்ள எச்சரிக்கை வந்தால் முதலில் சார்ஜை நிரப்பி, அப்புறம் மேட்டில் கொண்டுபோய் விடுங்கள். வெள்ளத்தோடு கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்லமுடியாது. வீட்டில் ஒரு பெற்றோல் வாகனமாவது இருக்கட்டும் என்று நினைக்கும் படுவான்கரைக் குடும்பத்தை யாரும் பிற்போக்கு என்று சொல்லவேண்டாம், ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர். பெற்றோலும் எப்போதும் கிடைக்கும் என்று இல்லை.

வெயிலில் நிறுத்திய வாகனத்தை உடனே சார்ஜ் போடாமல் நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் சார்ஜ் வாயின் மூடியைத் திறந்தபடி விடக்கூடாது.

பாவித்த கார் வாங்குபவர்களுக்கு

பழைய லீஃப் மலிவாக வரும். அதன் பற்றரியைக் குளிரவைக்க தனி ஏற்பாடு கிடையாது, ஆகவே வெப்பமான ஊரில் கொள்ளளவு சீக்கிரம் இறங்கும். டாஷ்போர்டில் வலது ஓரம் 12 சின்னக் கோடுகள் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும், முதல் கோடு போனால் ஏற்கெனவே 15 வீதம் போய்விட்டது என்று அர்த்தம். லீஃப்ஸ்பை என்ற செயலியையும் காரில் குத்தும் சின்ன ரீடரையும் தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கி, உள்ளே இருக்கும் உண்மையான அளவைப் பாருங்கள். பார்க்க விடாதவரிடம் வாங்கவேண்டாம். ஜப்பானில் இருந்து வருவது, சீனாவில் இருந்து வருவது, மற்ற நாடுகளுக்கென்று செய்தது என்று வேகச் சார்ஜ் வாயே வேறு வேறு வடிவம். கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், வழியில் எந்தச் சார்ஜர் உங்கள் வாய்க்குப் பொருந்தும், அது இன்றைக்கு வேலை செய்கிறதா என்று கோல் எடுத்துக் கேட்டபிறகுதான் வெளிக்கிடவேண்டும். புணானை, வெலிக்கந்தைப் பக்கம் இரவில் யானை நிற்கும் ரோட், அங்கே சார்ஜ் தீர்ந்து நிற்கும்படி பயணத்தைத் திட்டமிடக்கூடாது.

ஸ்கூட்டரில் பத்திரம் முக்கியம். பதிவும் நம்பர் பிளேட்டும் இல்லாததை வாங்கவேண்டாம். “இதுக்கு லைசன்ஸ் தேவையில்லை” என்று கடையில் சொன்னால் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், அநேகமாக எழுதமாட்டார்கள்.

எங்கே பேசவேண்டும்

சந்தியில் பேசுவது நல்லதுதான், ஆனால் பதிவாகாது. மின்கட்டணம் மாற்றமுதல் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும், மாகாணங்களுக்கும் வந்து வாய்மூலமும் கேட்கிறது, எழுத்திலும் அனுப்பலாம், தமிழிலேயே அனுப்பலாம். அங்கே “மின்சார வாகனம் நல்லதா கெட்டதா” என்று பேசினால் யாரும் குறித்துக்கொள்ள ஒன்றும் இராது. உங்கள் பில்லை இணைத்து, “மாதம் 50 யூனிட் எரிக்கும் என் வீட்டில் ஸ்கூட்டருக்கு 20 யூனிட் கூடினால் கட்டணம் இவ்வளவு ஏறுகிறது, வாகனச் சார்ஜுக்கு இரவு நேரக் குறைந்த விலையை சாதாரண வீடுகளின் ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) இணைப்புக்கும் தாருங்கள்” என்று கேளுங்கள். பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி அது.

கராஜ் வைத்திருப்பவர்களும் சும்மா இருக்கக்கூடாது. ஏறாவூரிலும் நிந்தவூரிலும் பைக் திருத்தி வாழும் குடும்பங்களுக்கு எஞ்சின் ஒயில் மாற்றும் வேலை குறையப் போகிறது, மோட்டாரும் கொன்ட்ரோலரும் பற்றரியும் பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாவிட்டால் வாங்கியவருக்கும் கஷ்டம். மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியில் இதற்கு மாலை வகுப்பு வேண்டும் என்று சங்கமாகச் சேர்ந்து கடிதம் கொடுக்கலாம், பிரதேச சபை உறுப்பினரிடமும் ஒரு பிரதி கொடுத்து, சபையில் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லலாம்.

அரச வாகனக் கதைக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மூன்று கேள்வி போதும்: இந்த அலுவலகத்தின் பாவனையில் எத்தனை வாகனம் உள்ளது, அவற்றில் எத்தனை மின்சாரம், கடந்த வருடம் எரிபொருளுக்கு எவ்வளவு செலவானது. ஒப்படைத்ததும் கையெழுத்தும் திகதியும் போட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பதில் வராவிட்டால் மேன்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம்.